முன்வினைக்குப் பதில் வரலாறு: பண்டிதரும் நண்பர்களும் நடத்திய வாதம்

(திருமுடிவாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவுரையின் அச்சு வடிவம்)



தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருமுடிவாக்கம், பழந்தண்டலம், பம்மல், அனகாபுத்தூர் பக்கத்திலிருந்து மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் சூரணமும் தைலமும் வாங்க அங்கே போய் வருகிறவர்கள் நம்மில் பலர். பண்டிதர் சித்த வைத்தியர். அதனால் அந்தப் பெயர் அங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடவுள் என்றால் என்ன, உயிர் என்றால் என்ன, நான் ஏன் இந்தத் தெருவில் பிறந்தேன் என்ற கேள்விகளோடு நண்பர்களிடமும் உறவினரிடமும் வாழ்நாள் முழுவதும் மல்லுக்கட்டிய தத்துவவாதி அவர் என்ற செய்தி, அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டி நம் தெருக்களுக்குள் வந்து சேரவில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வாதத்தைத்தான்.

வாதம் என்றால் ஒருவர் தனியாகச் செய்வதல்ல. பண்டிதரைச் சுற்றி ஒரு வட்டம் இருந்தது. வெஸ்லியன் சபையின் போதகர் ஜான் ரத்தினம். 1885இல் பண்டிதரோடு சேர்ந்து 'திராவிடப் பாண்டியன்' இதழைத் தொடங்கியவர். இரட்டைமலை சீனிவாசன், பண்டிதரின் மைத்துனர், நம் செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளம் ஊர்க்காரர். பேராசிரியர் பொ. லட்சுமி நரசு, சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு பச்சையப்பன் கல்லூரியிலும் அறிவியல் கற்பித்தவர். ம. சிங்காரவேலர், மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்கறிஞராகி, பிற்காலத்தில் 1923ஆம் ஆண்டு மே நாளைச் சென்னையில் கொண்டாடிய பொதுவுடைமையர். ஒரு கிறித்தவர், எந்த மதத்துக்குள்ளும் போகத் தேவையில்லை என்ற ஒருவர், அறிவியல் வழியில் பௌத்தத்துக்கு வந்த ஒருவர், பௌத்தம் வழியே பொருள்முதல்வாதத்துக்குப் போன ஒருவர், இவர்களுக்கு நடுவே பௌத்தத்தைப் பாட்டன் சொத்தாக மீட்டெடுத்த பண்டிதர். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒன்றாக வேலைசெய்தும் உரசிக்கொண்டும் வாழ்ந்த மனிதர்கள். இவர்களுடைய அச்சான எழுத்தையும் பொதுவாழ்வையும் வைத்தே நாம் பேசுகிறோம்.

சமூகவியல் வகுப்பிலும் தத்துவ வகுப்பிலும் இவர்களுக்கு என்ன இடம் கிடைக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1907இல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. நரசுவின் 'பௌத்தத்தின் சாரம்' என்ற ஆங்கில நூல் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வாரப்பத்திரிகை வரத் தொடங்கியது. அப்போது சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்துக்கொண்டிருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேதாந்தத்தின் அறவியல் பற்றிய தம் ஆய்வை 1908இல் வெளியிட்டார். அந்தக் கல்லூரிதான் 1937இல் நம் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. இந்த மூன்றில் ஒன்று மட்டும் 'இந்தியத் தத்துவம்' என்ற பெயரில் உலகெங்கும் பாடப்புத்தகமானது. மற்ற இரண்டும் 'சமூகச் சீர்திருத்தம்', 'சாதிச் சங்க வரலாறு' என்ற அலமாரிக்குப் போய்விட்டன. சேரியிலிருந்து ஒருவன் பேசினால் அது கோரிக்கை. அக்கிரகாரத்திலிருந்து பேசினால் அது தத்துவம். இந்தப் பாகுபாட்டை ஏற்றுக்கொண்டு நம்மவர்களே பண்டிதரை 'முன்னோடித் தலைவர்' என்று மாலைபோட்டு நிறுத்திவிடுகிறோம். அவர் எழுதியதில் பெரும்பகுதி கடவுள், அறம், பிறப்பு, இறப்பு பற்றியது என்பது மாலைக்குள் மறைந்துபோகிறது.

பண்டிதரின் வாதம் எங்கே தொடங்கியது? இளமையில் அவர் அத்வைதி. நீலகிரியில் 1870இல் அத்வைதானந்த சபை கண்டவர். எல்லா உயிரிலும் இருப்பது ஒரே பிரம்மம் என்ற கொள்கையில், தீண்டப்படாதவன் என்று தள்ளப்பட்ட ஒரு மனிதனுக்கு ஈர்ப்பு வருவது இயல்பே. உள்ளது ஒன்றுதான் என்றால் தீட்டு எங்கிருந்து வரும்? ஆனால் தத்துவத்தில் ஒன்றாக இருந்த பிரம்மம், தெருவுக்கு வந்ததும் ஊரென்றும் சேரியென்றும் பிரிந்துவிட்டது. அத்வைதம் பேசியவர்கள் இதற்கு வைத்திருந்த விடை எளிமையானது: உண்மையளவில் எல்லாம் ஒன்று, நடைமுறையளவில் வேறு வேறு. இந்த இரட்டைக் கணக்கைப் பண்டிதர் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிற்காலத்தில் 'வேஷ பிராமண வேதாந்த விவரம்', 'யதார்த்த பிராமண வேதாந்த விவரம்' என்று இரண்டாகப் பிரித்து அவர் எழுதியதன் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து.

1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். பொதுநலம் பேசக் கூடியிருந்த கனவான்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டார்: எல்லோருக்கும் பொதுவான கடவுள் என்கிறீர்களே, எங்களை மட்டும் உங்கள் கோயிலுக்குள் விடாதது ஏன்? கூட்டத்தில் கூச்சல். தஞ்சையிலிருந்து வந்திருந்த ஒரு சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்தாருக்கென்று மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் போன்ற சாமிகள் இருக்கின்றன, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். பண்டிதரின் மறுமொழி: அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வி கொடுங்கள், தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கொடுங்கள்.

இந்த நிகழ்ச்சியைப் பண்டிதரே பின்னாளில் 'தமிழன்' இதழில் பதிவுசெய்திருக்கிறார். மேடைகளில் இதைக் கேட்டுக் கைதட்டுகிறோம். கைதட்டலோடு விட்டுவிடாமல் இதன் தர்க்கத்தைப் பார்க்க வேண்டும். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வியை ஒருவர் சாவகாசமாக உட்கார்ந்து கேட்கலாம். பண்டிதருக்கு அந்தச் சாவகாசம் தரப்படவில்லை. அவருக்கு முன்னால் வைக்கப்பட்டது 'யாருடைய கடவுள்' என்ற கேள்வி. சாஸ்திரியின் பதிலே கடவுளைச் சாதிவாரியாகப் பங்குபோட்ட பிறகு, அந்தக் கடவுளின் பொதுமை பொய்யாகிவிடுகிறது. எல்லோருக்கும் பொதுவில்லாதது கடவுளாக இருக்க முடியாது என்பது சாதாரணமான வாதமல்ல. அதை நிறுவ அவர் எந்த நூலையும் மேற்கோள் காட்டவில்லை. எதிராளியின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மைத்துனர்கள் இருவரும் பிரிகிறார்கள். சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். பண்டிதர் அந்தப் பெயரை ஏற்கவில்லை. அது பகைவர்கள் சூட்டிய இழிபெயர், நாம் பூர்வ பௌத்தர்கள், சாதியற்ற திராவிடர்கள் என்பது அவர் நிலை. சீனிவாசனின் நிலை வேறு: எந்தப் பெயரைச் சொல்லி இழிவுசெய்கிறார்களோ அந்தப் பெயரோடு கூசாமல் வெளியே வந்து உரிமை கேட்காதவரை இழிவு போகாது. ஒருவர் 'நான் அது இல்லை' என்கிறார். மற்றவர் 'ஆமாம், நான் அதுதான், அதனால் என்ன' என்கிறார். இருப்பு, தன்னிலை என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படும் விஷயத்தை ஒரே குடும்பத்தின் இரண்டு பத்திரிகையாளர்கள் நூற்றிமுப்பது வருடங்களுக்கு முன்பே பேசிவிட்டார்கள். இன்றைக்கு 'தலித்' என்ற சொல்லை வைத்துக்கொள்வதா விடுவதா என்று நம் கூட்டங்களில் நடக்கும் சண்டை இதன் தொடர்ச்சிதான். எது சரி? இடத்தைப் பொறுத்தது என்று நழுவ நாம் விரும்பவில்லை. அரசிடம் உரிமை கேட்கும்போது சீனிவாசனின் வழி வேலைசெய்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுச்சாலை, பொதுக்கிணறு இவற்றில் நமக்கு உரிமை உண்டென்று அரசாணை வந்தது. ஆனால் நம் பிள்ளை இரவில் தனியாக உட்கார்ந்து 'நான் யார்' என்று கேட்டால் அதற்கு அரசாணையில் விடை கிடையாது. அங்கே பண்டிதர் வேண்டும்.

கடவுள் விஷயத்திலும் சீனிவாசன் தனி வழி. அண்ணல் அம்பேத்கர் 1935இல் மதமாற்ற அறிவிப்புச் செய்தபோது அவர் உடன்படவில்லை. நாம் வருணத்துக்கு வெளியே இருப்பவர்கள், இந்து மதத்துக்குள்ளேயே இல்லாதவர்கள் எதிலிருந்து வெளியேறுவது என்பது அவர் வாதத்தின் சாரம். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்ன மறுப்பு இது. இந்தக் கருத்து வேறுபாட்டைச் சொல்லும்போது சிலர் சங்கடப்படுகிறார்கள். சங்கடப்பட ஒன்றுமில்லை. தலைவர்களுக்குள் வாதம் நடந்தது என்றால் அந்தச் சமூகத்தில் சிந்தனை உயிரோடு இருந்தது என்றே பொருள்.

1898இல் பண்டிதரும் ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியாரும் அடையாறு பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டைச் சந்தித்தார்கள். அவரோடு கொழும்புக்குப் போய், சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார்கள். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் உருவானது. அது பெங்களூர், மாரிக்குப்பம் தங்கவயல், இரங்கூன், டர்பன் என்று நம் உழைப்பாளிகள் போன இடமெல்லாம் கிளைவிட்டது. ஆல்காட் நமக்காகப் பள்ளிகள் நடத்தியவர். அந்த நன்றியை மறப்பதற்கில்லை. 1907இல் அவர் மறைந்தபின் சபையின் தலைமைக்கு வந்த அன்னி பெசன்ட், 1909இல் எழுதிய ஒரு கட்டுரையில், தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளின் உடம்பு சுத்தமாகும்வரை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது என்ற வகையில் வாதிட்டார். அம்பேத்கர் பின்னாளில் தம் நூலில் இதை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். அகில உலகச் சகோதரத்துவம் பள்ளிக்கூட வாசலில் நின்றுபோன கதை அது.

பௌத்தத்துக்குள் வந்துவிட்டால் வாதம் முடிந்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. அங்கேதான் சூடுபிடித்தது. சிங்காரவேலரின் வீட்டை மையமாகக் கொண்டு மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளை இயங்கியது. நரசுவும் அதில் பங்கெடுத்தார். இருவரும் அறிவியல் ஆர்வலர்கள். அவர்களுக்குப் புத்தர் உலகின் முதல் பகுத்தறிவாளர். சாக்கிய பௌத்த சங்கத்துக்குப் புத்தரோ நம் ஆதித் தலைவர், நம் குலகுரு. இரண்டு சங்கங்களுக்கும் இடையே இருந்த உரசலின் தடம் 'தமிழன்' பக்கங்களில் கிடக்கிறது.

நரசுவின் நூலில் மூன்று அத்தியாயங்களை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்: உலகப் புதிர், ஆளுமை, மரணமும் அதன் பின்னும். படைத்தவன் ஒருவன் இருந்துதான் தீரவேண்டும் என்ற வாதத்தை அவர் முதலில் உடைக்கிறார். அடுத்து, நிலையான ஆன்மா என்று ஒன்றில்லை, உடலும் உணர்வும் நினைவும் சேர்ந்து ஓடும் ஓட்டம்தான் 'நான்' என்கிறார். ஆன்மா இல்லையென்றால் மறுபிறப்பு எடுப்பது எது? மிலிந்த மன்னன் நாகசேனரிடம் கேட்ட பழைய கேள்வி இது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் எதுவும் இடம்பெயர்ந்து போவதில்லை, ஆனாலும் சுடர் தொடர்கிறது என்றார் நாகசேனர். நரசு இதை இன்னும் ஒரு படி கீழே, மண்ணுக்குக் கொண்டுவருகிறார். ஒரு மனிதனின் செயல்கள் அவனோடு செத்துப்போவதில்லை. அவனுக்குப் பின்வரும் மனிதர்களிடம், அவர்களுடைய பழக்கத்தில், அறிவில், அமைப்புகளில் தொடர்கின்றன. அதுதான் கன்மம். தனி ஆள் தன் பாவமூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கருப்பைக்குள் நுழையும் கதை அவருக்கு ஒவ்வாது.

பண்டிதரிடம் இந்தக் கறார்த்தனம் இல்லை. பிறப்பு, பிணி, மூப்பு, சாக்காடு என்ற நான்கையும் கடந்து பிறவியற்ற நிலையை அடைவதைப் பற்றி அவர் பக்கம்பக்கமாக எழுதுகிறார். அறம் செய்தவன் தேவனாகிறான், அறம் கெட்டவன் மக்கள் நிலையிலிருந்து தாழ்கிறான் என்ற ஏணி அவருக்கு உண்டு. பொங்கலும் தீபாவளியும் கார்த்திகை தீபமும் பௌத்தப் பண்டிகைகள் என்பார். திருக்குறளைத் 'திரிக்குறள்' என்று எழுதித் திரிபிடகத்தோடு சேர்ப்பார். படித்த பௌத்தர்களுக்கு இது சங்கடமாக இருந்திருக்கும். இன்றும் நம் பகுத்தறிவுத் தோழர்கள் சிலர், நரசு அறிவு, பண்டிதர் புராணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். பண்டிதரின் சொல்லாராய்ச்சியில் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் அந்தச் சொல்லாராய்ச்சியை வைத்து என்ன காரியம் செய்தார் என்று பார்க்காமல் போவது பாதிப் படிப்பு.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்குள் நுழையத் தயங்கி எல்லையிலேயே நிற்கிறார். கனவில் இறைவன் வந்து தீயில் மூழ்கி வரச்சொல்கிறான். தீயிலிருந்து பூணூல் போட்ட முனிவராக எழுந்த பிறகே உள்ளே போகிறார். சேக்கிழாரின் நோக்கம் பக்தியின் பெருமையைச் சொல்வது. அதை நாம் ஒத்துக்கொள்கிறோம். ஆனாலும் கதையின் உள்கணக்கு இதுதான்: பிறப்பு ஒரு குற்றம், அதை எரித்துத்தான் கடவுளை நெருங்க முடியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனை இந்தக் கதையைக் கதாகாலட்சேபமாக்கி வீடுதோறும் கொண்டுபோனது. பண்டிதர் பதிலுக்கு எழுதியது 'நந்தன் சரித்திர தந்திரம்'. அவருடைய நந்தன் பண்ணையாள் இல்லை, அரசன். வேடதாரிகளின் சூழ்ச்சிக்குப் பலியானவன். நந்தன் நிஜமாகவே அரசனா என்பது வரலாற்று ஆய்வுக்குரிய கேள்வி. நமக்கு முக்கியமானது, தாழ்வுக்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பதைப் பண்டிதர் இடம் மாற்றிவிட்டார். சேக்கிழாரிடம் காரணம் நந்தனின் உடம்பில் இருக்கிறது. பண்டிதரிடம் அது நந்தனுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் இருக்கிறது.

இங்கே நின்று நரசுவையும் பண்டிதரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நான் ஏன் சேரியில் பிறந்தேன்' என்ற கேள்விக்கு வைதிகம் தந்த விடை முன்வினை. போன பிறவியில் செய்த பாவம். அந்த விடையின் வலிமை, அதைச் சோதித்துப் பார்க்க முடியாது என்பதுதான். போன பிறவி யாருக்கும் நினைவில்லை, ஆகவே மறுக்கவும் முடியாது. பண்டிதர் போன பிறவி இருந்த இடத்தில் போன நூற்றாண்டுகளை வைத்தார்: உன் பாட்டன் பாவம் செய்யவில்லை, உன் பாட்டனுக்குத்தான் பாவம் செய்யப்பட்டது. நரசு போன பிறவி இருந்த இடத்தில் சமூகத்தை வைத்தார்: நீ அனுபவிப்பது உன் பழைய உயிரின் கணக்கல்ல, உனக்கு முன்பிருந்த மனிதர்கள் கட்டிய ஏற்பாட்டின் விளைவு. 1922இல் அவர் வெளியிட்ட 'சாதி பற்றிய ஆய்வு' இதன் அடுத்த படி. ஒருவர் ஓலைச்சுவடியும் செவிவழிக் கதையும் வழியாக வந்தார்; மற்றவர் ஆய்வுக்கூடம் வழியாக வந்தார். மறுபிறப்பு உண்டா இல்லையா என்பதில் ஒத்துப்போகாத இருவரும், முன்வினையைப் பிடுங்கி எறிந்து அந்தக் குழியில் வரலாற்றை நட்டதில் ஒன்றுபட்டார்கள். விதி என்றால் அழலாம். வரலாறு என்றால் மாற்றலாம். தமிழ்த் தத்துவத்தில் இருபதாம் நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று இது என்று நாம் சொல்கிறோம்.

வாதம் படித்தவர்களோடு நிற்கவில்லை. தங்கவயலுக்குப் போன வட ஆர்க்காட்டுத் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்தில் சங்கம் வைத்தார்கள், பின்னாளில் சித்தார்த்தா புத்தகசாலை மூலம் நூல்கள் அச்சிட்டார்கள். பூமிக்கு அடியில் பாறை வெடித்துச் சரிந்தால் இறங்கிய ஆள் மேலே வரமாட்டான். தினமும் அப்படி இறங்குகிறவனுக்குச் சாவு பற்றிய கேள்வி பொழுதுபோக்கு இல்லை. அவனுக்குக் கல்யாணத்துக்கு ஒரு முறை வேண்டும், சாவுக்கு ஒரு முறை வேண்டும், பிள்ளைக்கு வைக்க ஒரு பெயர் வேண்டும். ஆன்மா இல்லை என்ற நரசுவின் முடிவு எவ்வளவு சரியானாலும், பிணத்தைத் தூக்கும் நேரத்தில் நாலு பேர் சேர்ந்து சொல்ல ஒரு வாசகம் தேவைப்படுகிறது. பண்டிதர் சடங்குகளையும் பண்டிகைகளையும் விடாமல் பௌத்தத்துக்குள் இழுத்துக்கொண்டது இதனால்தான் என்று நாம் புரிந்துகொள்கிறோம். பெண்களும் இந்த வட்டத்துக்குள் எழுதினார்கள். 'தமிழ் மாது' இதழை நடத்திய ஸ்வப்னேஸ்வரி அம்மாள் 'தமிழன்' இதழிலும் எழுதியவர். அவரைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. ஆண்களின் நட்பு வரலாறாகிறது, பெண்களின் எழுத்து அடிக்குறிப்பாகிறது. நம் மன்றமும் இதற்கு விலக்கில்லை.

பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்தார். பிறகு நடந்ததைப் பாருங்கள். மறுபிறப்பை ஏற்காத நரசு, பண்டிதரின் மக்கள் கட்டிய பௌத்த இயக்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1934இல் தாம் மறையும்வரை அதோடு இருந்தார். தீண்டாமைக்கு ஆளான சாதியில் பிறந்தவரில்லை அவர். கருத்து ஒத்துப்போகவில்லை என்று வேறு வாசல் தேடிப் போயிருக்கலாம், போகவில்லை. ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தினார்; அதன் பக்கங்களில் பௌத்தமும் சுயமரியாதையும் கைகோத்தன. சிங்காரவேலர் 'குடி அரசு' இதழில் கடவுளும் பிரபஞ்சமும் பற்றி, அறிவியல் பற்றித் தொடர்ந்து எழுதினார். நட்சத்திரம் எப்படி உண்டானது என்று மில் தொழிலாளிக்குப் புரியும் தமிழில் சொல்ல ஒரு வழக்கறிஞர் மெனக்கெட்டார். கடவுள் இல்லை என்று சொல்வது எளிது. கடவுள் இருந்த இடத்தில் என்ன விளக்கத்தை வைப்பது என்பதற்கு உழைப்பு வேண்டும். அந்த உழைப்பை அவர் செய்தார்.

1948இல் நரசுவின் 'பௌத்தத்தின் சாரம்' மூன்றாம் பதிப்பாக வந்தது. அதைக் கொண்டுவந்தவர் அம்பேத்கர், முன்னுரையும் அவருடையது. அதுவரை வந்த பௌத்த நூல்களில் சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்கிறார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், ஆன்மா இல்லையென்றால் கன்மமும் மறுபிறப்பும் எப்படி என்ற முடிச்சை அவர் முதன்மையான சிக்கல்களில் ஒன்றாக வைக்கிறார். பிறகு, மறுபடி சேர்வது பூதப்பொருள்களும் ஆற்றலும்தான், ஆன்மா அல்ல என்று அதை அவிழ்க்கப் பார்க்கிறார். இராயப்பேட்டையில் நண்பர்களுக்கு இடையே கிடந்த முடிச்சும் இதுதான். நாக்பூரில் 1956 அக்டோபர் 14 அன்று ஐந்து லட்சம் பேர் என்று நாம் பெருமையாகப் பேசும்போது, அதற்கு 58 ஆண்டுகள் முன்பே கொழும்புக் கப்பலில் ஏறிய இரண்டு பேரையும் சேர்த்தே பேச வேண்டும்.

பண்டிதரின் எழுத்து நெடுங்காலம் நம் கைக்கு எட்டாமல் கிடந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டிக் காத்தார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகே ஒரு தலைமுறை அவரை நேரடியாகப் படித்தது. 2023 டிசம்பரில் கிண்டியில் மணிமண்டபமும் வந்துவிட்டது. மண்டபம் வேண்டும்தான். புத்தகம் அதைவிட வேண்டும்.

இந்த வாதத்தை நாம் இன்று திருமுடிவாக்கத்தில் உட்கார்ந்து பேசுவதற்குக் காரணம் உண்டு. சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள நம் தெருக்களில் ஒரே குடும்பத்தில் அம்மனுக்குத் தீ மிதிக்கும் தாய், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும் மகள், கறுப்புச் சட்டை போடும் மகன், பஞ்சசீலக் கொடி ஏற்றும் மாமன் எல்லோரும் இருக்கிறார்கள். சாதாரண நாளில் கேலியும் கிண்டலுமாகப் போய்விடும். ஒரு சாவு விழுந்தால் தகராறு. சிலுவையா, சங்கா, பறையா, பஞ்சசீலமா என்று பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். இந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொள்ள வெளியிலிருந்து ஆள் வருகிறது. ஒருவனிடம் அவன் நண்பனைக் காட்டி 'மதம் மாறியவன்' என்கிறார்கள். இன்னொருவனிடம் காட்டி 'நாத்திகன்' என்கிறார்கள். ஜான் ரத்தினம் தம் சபையை விடாமலேயே பண்டிதரோடு பத்திரிகை நடத்தினார் என்பதை அந்த நேரத்தில் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

மாணவர்களிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை கிடைக்காதபோதும், காதல் சாதியால் முறிந்தபோதும், 'நமக்கு எழுதி வைத்தது இவ்வளவுதான்' என்ற பேச்சை நம் பிள்ளைகள் வாயிலிருந்து கேட்கிறோம். படித்தவர்கள் அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். எழுதியது யார், எப்போது, எந்தச் சட்டத்தில், எந்தப் பட்டாவில் என்று திருப்பிக் கேட்கப் பழக வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் பஞ்சமி நிலம் கேட்டு 1994இல் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு தோழர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். தரிசு நிலத்தைக் கொடுங்கள் என்று 1892இல் விக்டோரியா மண்டபத்தில் கேட்ட அதே நிலக் கேள்விதான் அது. அந்தக் கேள்வி, உங்கள் சாமிகள் வேண்டாம் என்ற வாக்கியத்தின் பின்பாதியாகப் பிறந்தது என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

அடுத்த மாத வாசிப்புக் கூட்டத்துக்கு நரசுவின் 'மரணமும் அதன் பின்னும்' அத்தியாயத்தையும் பண்டிதரின் 'நந்தன் சரித்திர தந்திரம்' கட்டுரையையும் எடுத்துக்கொள்கிறோம். படி எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது, இன்றே வாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் சிரமம் என்பவர்களுக்காகக் கல்லூரி மாணவர்கள் இருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சபைக்குப் போகிறவர்களும் வாருங்கள், தீ மிதிக்கிறவர்களும் வாருங்கள்.